புறங்கையில் ஒரு சொட்டு எண்ணெய்

என்ரை மச்சாள் கத்தரீனாவுக்கு மணம் தெரியாது. கலியாணம் முடிச்சு மெலிஞ்சிமுனைக்கு வந்து கொஞ்சக் காலத்திலை நெருப்புக் காய்ச்சல் வந்தது. ஆள் தப்பினதே மாதாவின்ரை புண்ணியம். ஆனால் காய்ச்சல் போகேக்கை மணத்தையும் கொண்டு போயிட்டுது. பிறகு அவவுக்கு மல்லிகைப்பூவும் ஒண்டுதான், கருவாடும் ஒண்டுதான்.

ஆனால் கனவிலை மணக்கும். விடியக் காலமை வேலிக்கரையிலை வந்து நிண்டு, "மச்சாள், ராத்திரி எனக்குச் சாம்பிராணி மணந்தது" எண்டுவா. இன்னொரு நாள் நெல் அவிக்கிற மணம். வேறை ஒரு நாள் மழை விழுந்த மணல். சொல்லேக்கை கண் கடலுக்கு அங்காலை எங்கையோ நிக்கும். எனக்கு அந்த நேரம் ஆயிரம் வேலை கிடக்கும். எண்டாலும் விளக்குமாறும் கையுமா நிண்டு முழுக்கக் கேட்டிட்டுத்தான் போவன்.

அவவின்ரை புருசன் பஸ்ரியாம்பிள்ளை என்ரை அண்ணை. கடல் தொழில். எங்கடை கரைக்கு இஞ்சின் வந்த புதுசு அது. இஞ்சினைக் கிளப்பப் பெற்றோல், பிறகு ஓட மண்ணெண்ணெய். முத்தத்துக் கொட்டிலிலை இரண்டு கலனும் பக்கத்திலை பக்கத்திலை இருக்கும். பெற்றோல் கலனிலை அடையாளத்துக்கு ஒரு சிவத்தத் துணி கட்டியிருப்பார்.

அப்பதான் மச்சாளின்ரை தம்பி கொழும்பிலையிருந்து ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு அனுப்பினான். மூண்டு திரி. மேலை தூக்கி வைச்சுக் கேக் வேக வைக்கத் தகரத்திலை ஒரு சின்னப் போறணையும். விறகுப் புகைக்குள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு நிண்ட மனுசிக்குத் தலைகால் தெரியேல்லை. "பாலன் பிறக்கிற நத்தாருக்கு நானே கேக் போடுவன்" எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டா.

அண்ணை விடேல்லை. "இஞ்சரும், எண்ணெய் ஒழுகினாலும் உமக்குத் தெரியாது, கருகினாலும் தெரியாது. மேலை ஓலைக் கூரை. சின்னவள் வேறை தவழுறாள்" எண்டு சொல்லி, நெருப்புப்பெட்டியைத் தன்ரை சாரத்து மடியிலை செருகினார். அவர் கடலுக்குப் போனால் பெட்டி என்ரை வீட்டுக்கு வரும். விறகடுப்புக்குத் தணல் கிடக்கும், அதுக்குக் குறையில்லை. புது அடுப்பு எரிய வேணுமெண்டால் நான் வேலியைத் தாண்டிப் போய், மணந்து பாத்து, பத்த வைச்சுக் குடுக்க வேணும். அந்த வீட்டு மூக்கு நான்தான். என்ன பிழைப்பெண்டு எரிச்சலாயும் வரும், அவவின்ரை முகத்தைப் பாத்தால் பாவமாயும் இருக்கும்.

அவ என்ன கவனம் இல்லாத ஆளோ? அடுப்பு ஆறின பிறகுதான் எண்ணெய் விடுவா, அதுவும் முத்தத்திலை வைச்சு. சிந்தினதைத் துடைச்சு, அந்தத் துணியைத் தூரக் கொண்டுபோய்ப் போடுவா. பக்கத்திலை ஒரு வாளி மணல் இருக்கும். சேலைத் தலைப்பை இடுப்பிலை இறுக்கிச் செருகிப்போட்டுத்தான் கிட்டப் போவா. காத்து அடிக்கிற பக்கத்துக் கதவைச் சாத்துவா. எல்லாத்துக்கும் முதல் ஒரு சொட்டு எண்ணெயைப் புறங்கையிலை தேய்ச்சுப் பாப்பா. அண்ணை விழுந்து விழுந்து சிரிப்பார். "என்ன, சாமியார் சாகக் கிடக்கிறவைக்கு எண்ணெய் பூசுற நோயிலை பூசுதலோ?" எண்டு பகிடி பண்ணுவார். அவ தன்ரை பாட்டிலை கையைத் துடைப்பா.

ஒருநாள் என்னட்டை மட்டும் சொன்னா. "என்ரை குசினியிலை நான் விருந்துக்கு வந்த ஆள் மாதிரி நிக்கிறன் மச்சாள். ஒருக்கால் இந்த அடுப்பை நானே பத்த வைச்சுக் கேக் போட்டிட்டனெண்டால் போதும்."

நத்தார் கிட்ட வந்தது. மார்கழிப் பனிக்கு ஊர் முழுக்கத் தடிமன். முட்டை அடிச்சு, மா கலக்கிறதுக்கு எல்லாம் ஆயத்தமா இருந்தது. சின்னவள் பாயிலை நித்திரை. நான் போய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அண்ணை, எனக்கு இண்டைக்கு ஒரு மணமும் தெரியாது, நீங்களே பாருங்கோ" எண்டன். அவருக்கும் தடிமன்தான், ஆனால் ஒத்துக்கொள்ளுவாரோ? கலனைத் திறந்து மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு, "சுத்தமான மண்ணெண்ணெய்" எண்டு அடுப்பிலை ஊத்தினார். மடியிலையிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ" எண்டு சொல்லி மச்சாள் விரலை விட்டு ஒரு சொட்டெடுத்துப் புறங்கையிலை தேய்ச்சா. கையைப் பாத்துக்கொண்டே நிண்டா. பிறகு அண்ணையின்ரை கையிலையிருந்த நெருப்புப்பெட்டியைத் தன்ரை மற்றக் கையாலை பொத்திப் பிடிச்சா.

"குளிருது" எண்டா. "மண்ணெண்ணெய் எண்டால் பிசுபிசுக்கும். இது குளிர்ந்து உடனை காயுது. இது பெற்றோல்."

நான் ஓடிப்போய்க் கொட்டிலைப் பாத்தன். அங்கை கிடந்த கலனிலும் துணி இல்லை, அண்ணை கொண்டுவந்ததிலும் இல்லை. கலன் வள்ளத்திலை போகேக்கை வாடைக் காத்து அதை அவிழ்த்துக்கொண்டு போயிட்டுது, அண்ணை கவனிக்கேல்லை. ஓலைக் கூரையையும் பாயிலை கிடந்த பிள்ளையையும் பாத்தன், எனக்கு அழுகை வந்திட்டுது. அண்ணை குசினிப் படியிலை இருந்திட்டார்.

பிறகு எழும்பி நெருப்புப்பெட்டியை மச்சாளின்ரை கையிலை வைச்சு, விரலை மடக்கி மூடிவிட்டார்.

அடுப்பைக் கவிட்டு ஊத்தி, திரி மாத்தி, ஒரு பகல் முழுக்க வெளியிலை காய வைச்சம். அடுத்த நாள் மச்சாள் தானே எண்ணெய் விட்டு, தேய்ச்சுப் பாத்து, தானே குச்சியைத் தட்டினா. நீலமா மூண்டு திரியும் எரிஞ்சுது. கேக் உள்ளை போச்சுது. மணத்தாலை அறிய ஏலாத ஆள் என்ன செய்யப்போறா எண்டு நான் பாத்துக்கொண்டு நிண்டன். துணியாலை தட்டைப் பிடிச்சு வெளியிலை இழுத்து, காதைச் சரிச்சு மாவுக்குள்ளை பொரியிற சத்தத்தைக் கேட்டா. "இன்னும் கதைக்குது" எண்டு உள்ளை தள்ளினா. பிறகொருக்கால் இழுத்து, "நீங்கள் கேளுங்கோ" எண்டு அண்ணையைக் கூப்பிட்டா. அவர் குனிஞ்சு, கண்ணை மூடிக் கேட்டார்.

"ஒண்டும் கேக்கேல்லையப்பா."

"அப்ப வெந்திட்டுது" எண்டு சொல்லித் திரியைத் தணிச்சா.

அடுத்த நாள் விடிய நானாத்தான் வேலிக்கரைக்குப் போனன். "ராத்திரி என்ன மணந்தது மச்சாள், கேக்கோ?" எண்டு கேட்டன்.

"இல்லை" எண்டு சிரிச்சா. "நெருப்புக்குச்சி."