“கண்ணு நல்லா இருக்கு” என்றார்கள்

முப்பத்தொன்றாவது வயதில் என் பார்வைக்குள் புள்ளிகள் வந்தன. போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுப்பது என் வேலை. அன்று காலை ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் எதிரே இருந்த அக்காவின் சேலையைப் பார்த்தேன். சேலை முழுக்கப் பொடிப்பொடியாய் ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. தூசி என்று கண்ணைக் கசக்கினேன். போகவில்லை. கண்ணை மூடினால் இருட்டிலும் துள்ளியது. முன்னால் போன ஜீப் கொண்டை ஊசி வளைவில் திரும்பி மறைந்த பிறகும், அதன் பின்பக்கம் ஒரு நொடி என் கண்ணுக்குச் சாலையிலேயே நின்றது.

ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. தானாகப் போய்விடும் என்று காத்திருந்தேன். சுவரில், சோற்றில், மகளின் முகத்தில் எல்லாம் அது இருந்தது. நீல வானத்தை நிமிர்ந்து பார்த்தால் வெள்ளைப் பொறிகள் புழுப்போல நெளிந்தன.

பிறகு என் கணவர் தேனிக்குக் கூட்டிப்போனார். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்தார். கடைசி வரியிலிருந்த பொடி எழுத்தைக்கூடப் படித்துக் காட்டினேன்.

“கண்ணு நல்லா இருக்கும்மா. நல்லாத் தூங்குங்க, போதும்” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்சில் கணவர் ஆரம்பித்தார். “டாக்டரே சொல்லிட்டாரு. நீயா நெனச்சு நெனச்சு வரவழைச்சுக்கிற.”

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் கறுப்புக் குடையை விரித்துத் தரையில் கவிழ்த்தேன். ரவை டப்பாவை எடுத்து அதன் மேல் தூவினேன். அவரை எதிரே உட்காரவைத்துக் குடையை உலுக்கினேன். ரவை குதித்தது.

“இதுதான். நல்லாப் பாருங்க.”

“சரி, பாத்துட்டேன். நிறுத்து.”

“ஏங்க நிறுத்தணும்? எனக்கு யாரு நிறுத்துறா? நான் ஆட்டிக்கிட்டே இருக்கேன், நீங்க அப்படியே சோறு திங்கிறீங்களா? பேப்பர் படிக்கிறீங்களா?”

அவர் சிரிக்கவில்லை. நான் கை வலித்து நிறுத்தும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், “இப்படியே எந்நேரமுமா?” என்று கேட்டார். அவர் என்னிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது.

அடுத்த வாரம் மதுரைக்கு ரயிலேறினோம். நரம்பு டாக்டர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதிலும் ஒன்றும் இல்லை. இவரும் தூங்கத்தான் சொல்வார் என்று சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவரோ பேனாவை வைத்துவிட்டு, “காதுல சத்தம் கேக்குதா?” என்றார். கேட்டது; சில்வண்டுபோல ஓயாமல். அதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

“இதுக்கு விஷுவல் ஸ்னோன்னு பேரு, பார்வையில பனி கொட்டுற மாதிரின்னு அர்த்தம். கண்ணுல கோளாறு இல்ல. பாக்குறதை மூளை வாங்குற விதத்துல இருக்கு. இது நெறையப் பேருக்கு இருக்கும்மா.”

“குருடாயிருவேனா சார்?”

“மாட்டீங்க. ஆனா இதைச் சுத்தமா எடுக்குறதுக்கு இன்னைக்கு மருந்து இல்ல.”

கணவர் முகம் தொங்கிவிட்டது. எனக்கோ பெரிய மூட்டையை இறக்கிவைத்ததுபோல இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. அது போதும்.

மறுநாள் ஜீப்பில் எல்லாரிடமும் சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது? மதியத்துக்குள் சூப்பர்வைசர் காதுக்குப் போய்விட்டது. செடிக்கடியில் உட்கார்ந்து காய் எடுத்துக்கொண்டிருந்த என்னை அவர் எழுந்திருக்கச் சொன்னார்.

“கண்ணுல சரியில்லையாமே. வீட்டுல இரும்மா. வெளையாத பிஞ்சையெல்லாம் பிச்சுப்புடுவ.”

“என் கூடையக் கொட்டிப் பாருங்கண்ணே.”

சாக்கில் கொட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து நகத்தால் காய்களைப் பிளந்தார். விளைந்த காய் என்றால் உள்ளே இருக்கும் விதை, நாங்கள் அரிசி என்போம், கறுத்திருக்கும். ஒரு கைப்பிடியில் நாலு காய் வெளுத்திருந்தன.

“பாத்தியா?”

“பாத்தேன். இப்ப மத்த கூடையையும் கொட்டச் சொல்லுங்க.”

அவர் முறைத்தார். நான் நகரவில்லை. ஜீப்பில் எனக்கு எதிரே உட்காரும் அக்கா தன் கூடையைத் தானாகவே தூக்கி வந்து பக்கத்தில் கவிழ்த்தார். அதில் ஒரு கைப்பிடிக்கு ஆறு பிஞ்சு. அக்கா வெட்கப்படவில்லை. “எனக்குக் கண்ணு நல்லாத்தேன் இருக்கு” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

“விரலு சொல்லும்ணே. வெளைஞ்சது தொட்டதும் கழண்டு வரும், பிஞ்சு அடம்பிடிக்கும். கண்ணை மட்டும் நம்பியா எடுக்குறோம்?” என்றேன்.

“சரி சரி, வெரசா அள்ளுங்க. சோலியப் பாருங்க” என்று அவர் அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

மூன்று வருடம் ஆகிறது. புள்ளிகள் ஒன்றுகூடக் குறையவில்லை. உச்சி வெயிலுக்கு ஆண்கள் போடும் தொப்பி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன், பார்ப்பவர்கள் பார்க்கட்டும். சில நாள் அலுத்துப்போய், ஒரே ஒரு சுத்தமான வெள்ளைச் சுவரைப் பார்க்கமாட்டோமா என்று ஏங்குவதும் உண்டு. அந்த ஏக்கத்தோடேயே விடியற்காலை ஜீப்புக்குக் கிளம்புகிறேன். இடம் இல்லை என்றால், நெருக்கித் தள்ளி உட்காருகிறேன்.