பாவாடை அடையாளம் போட்ட ஆறு செல்

பாவாடைக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. டீக்கடையில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பான். போர்டைப் படித்துவிட்டு பஸ் ஏறியவன், திண்டிவனம்தான் போகிறதா என்று கண்டக்டரிடம் கேட்பான், அவர் நகர்ந்ததும் பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்பான். சுனாமிக்குப் பிறகு இது முற்றிவிட்டது. கடலே சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது, மனுஷனை எப்படி நம்புவது என்பது அவன் கட்சி.

மரக்காணம் உப்பளத்தில் கழிமுகத்து மதகு அவன் பொறுப்பு. அவன் மனைவி அஞ்சம்மாள் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, கடைசிப் பாத்தியில் பெண்களோடு உப்பு வாருகிறாள். அலை வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டில் இருந்தாள். அடுத்த தடவையும் ஞாயிறாகவே அமையுமா என்கிற பயம் அவனை விடவில்லை. நிவாரணத்துக்கு வந்தவர்கள் அளத்துக்கு இரண்டு பழைய வாக்கிடாக்கி கொடுத்தார்கள். ஒன்று இவனிடம், ஒன்று அவளிடம். தண்ணீர் ஏறினால் இவன் சொல்ல வேண்டும், அவள் எல்லோரையும் மேட்டுக்கு விரட்ட வேண்டும்.

நாலே மாதத்தில் இவன் செட்டின் பேட்டரி படுத்துவிட்டது. அந்த மாடல் கடையில் கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் செய்யும் தேசப்பன், "உள்ள இருக்கிற செல்லை மாத்திக் கட்டிடலாம்பா" என்றார். சென்னையிலிருந்து ஆறு செல் வரவழைத்தார். பாவாடை அந்த ஆறையும் வாங்கி, ஒவ்வொன்றின் மேலும் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறினான்.

"எதுக்குப்பா?"

"அடையாளத்துக்குண்ணே. மாறிடக் கூடாது பாருங்க."

தேசப்பன் சிரித்தாரே தவிர கோபித்துக்கொள்ளவில்லை. பழைய பேட்டரிப் பெட்டியைப் பிளந்து, செல்களைத் தலைமாற்றி அடுக்கி, பட்டைத் தகடு வைத்துப் பற்றவைத்தார். மூன்று எண்ணுவதற்குள் சூட்டுக்கோலை எடுத்துவிடுவார், இல்லாவிட்டால் செல் கெட்டுவிடும். மீட்டரில் ஏழு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பாவாடை மீட்டரையும் சந்தேகமாகத்தான் பார்த்தான்.

வேலை முடிந்தபின் செட்டும் சார்ஜரும் மோட்டார் கொட்டகையில்தான் இருக்க வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. கொட்டகைச் சாவியோ மோட்டார் ஓட்டும் ஜான்சனிடம். ஒருநாள் செட்டின் திருகு நகர்ந்திருந்ததைப் பாவாடை கண்டுவிட்டான். ஜான்சன் செல்லை மாற்றிவிடுவானோ என்று, அன்று முதல் மத்தியானமே சார்ஜ் ஏற்றிவிட்டு, சாயங்காலம் செட்டை மட்டும் அலமாரியில் வைப்பான். பேட்டரியைக் கழற்றித் துண்டில் சுற்றி, கீற்று மூடிய உப்பு அம்பாரத்துக்குள் முழங்கை ஆழத்தில் புதைத்துவிட்டுப் போவான். மண்வெட்டியையும் தூக்குவாளியையும் அளத்துக்காரர்கள் அப்படித்தான் ஒளித்துவைப்பார்கள்.

மூன்று வாரம் போனது. ஒரு காலையில் ரோட்டுப் பக்கமிருந்து ஜனங்கள் ஓடிவந்தார்கள், கடல் ஏறுகிறது என்று கத்திக்கொண்டு. பாவாடை செட்டின் பொத்தானை அமுக்கினான். சிவப்பு விளக்கு மினுக்கி அணைந்தது. மறுபடி அமுக்கினான், ஒன்றுமில்லை. மதகுத் தண்ணீரைக்கூடப் பார்க்காமல், அதைக் கையில் பிடித்தபடியே வரப்பில் ஓடினான். இரண்டு இடத்தில் விழுந்தான், முழங்கால் கிழிந்த இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. கடைசிப் பாத்தியில் அஞ்சம்மாள் சாவகாசமாக உப்பு வாரிக்கொண்டிருந்தாள். இடுப்பிலிருந்த செட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கூப்பிடவே இல்லியே நீ" என்றாள்.

கடல் ஏறவில்லை. யாரோ கிளப்பிவிட்ட புரளி. ஆனால் நிஜமாக இருந்திருந்தால் இவள் போயிருப்பாள் என்ற நினைப்பு பாவாடைக்கு ஆத்திரமாக மாறியது. அன்று மத்தியானமே அவளையும் இழுத்துக்கொண்டு தேசப்பன் கடைக்குப் போனான்.

"பழைய செல்லைப் போட்டு ஏமாத்திட்டீங்கண்ணே. இல்லன்னா அந்த ஜான்சன் ஏதோ பண்ணியிருக்கான்."

தேசப்பன் பெட்டியைப் பிளந்தார். மேசை மேல் பொலபொலவென்று உப்பு கொட்டியது. தகடுகள் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தன, ஒன்று தொட்டதுமே உடைந்தது. ஆறு செல்லிலும் பெருக்கல் குறி அப்படியே இருந்தது.

"ஏம்பா, இதை எங்க வெச்சிருந்த?"

பாவாடை ஒரு செல்லை எடுத்துப் பெருக்கல் குறியை விரலால் தடவினான்.

"அம்பாரத்துலதானே?" என்றாள் அஞ்சம்மாள். "யோவ், கடப்பாரையே அதுல துருப்பிடிச்சிடும். இது தாங்குமா? ஜான்சன் இதைத் தொடக்கூட இல்ல, நீதான்யா என்னைக் கொல்லப் பாத்த."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தேசப்பன் வேறு செல் வாங்கி மறுபடி கட்டித் தந்தார். இந்தத் தடவை ஆணி வெளியே வரவில்லை. அன்று சாயங்காலம் பேட்டரியை ஜான்சன் கையிலேயே கொடுத்தான். கொடுத்துவிட்டு நாலடி போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான்.

மறுநாள் காலை மதகின் மேல் நின்று பொத்தானை அமுக்கினான்.

"அஞ்சம்மா, கேக்குதா?"

"நல்லா கேக்குது. இன்னிக்கி யாரு மேல சந்தேகம்?"

"எம்மேலதான்" என்றான்.