ஃப்ரிட்ஜுக்குள் சாவி

முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் நேரே சமையலறைக்குப் போய், ஃப்ரிட்ஜைத் திறந்து, தக்காளிக்கும் தயிருக்கும் நடுவே தம் ஸ்கூட்டர் சாவியை வைக்கிறார். பிறகு ப்ளக்கைப் பிடுங்குகிறார். வீட்டுக்காரர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். "ஒண்ணுமில்லீங்க, மோட்டார் சத்தம் மைக்ல விழும். சாவி உள்ள இருந்தாத்தான் கிளம்பும்போது ஞாபகமா மாட்டி விட்டுட்டுப் போவேன்" என்பார். ஒரு டாக்டர் வீட்டில் மறந்துபோய், பிறந்தநாள் ஐஸ்கிரீம் உருகிக் கூடம் வரைக்கும் ஓடி வந்ததிலிருந்து இந்த ஏற்பாடு.

ஆள் ஒலிப்பதிவாளர். படக்குழுவில் பெயர் 'காது'. மனித வாழ்க்கைக்கு என்னதான் அர்த்தம் என்று நாற்பது பேரைக் கேட்டு ஆவணப்படம் எடுக்கும் இளம் பெண் இயக்குநருக்கு இவர்தான் வலது கை. அந்தக் கை உயர்ந்தால் படப்பிடிப்பு நின்றுவிடும் என்பதுதான் அந்தப் பெண்ணின் கஷ்டம்.

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் பதினொரு நிமிடம் உருகிப் பேசினார். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கையில் கை உயர்ந்தது.

"நாற்காலி கிரீச்சுங்குதும்மா. இன்னொரு தடவ."

"அண்ணே, அவர் என்ன சொன்னார்னு கேட்டீங்களா?"

"யாரு?" என்றார் காது.

இரண்டாம் முறை நீதிபதி, யோசித்துப் பார்த்தால் வாழ்க்கைக்கு அர்த்தமே கிடையாது என்று தீர்ப்பை மாற்றிவிட்டார். இந்த முறை நாற்காலி வாயைத் திறக்காததால் காதுக்குப் பரம திருப்தி.

தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் மனைவிக்கும் வாய்த்தது இதே காதுதான். அவள் பேசினால் "ம்" என்பார். இல்லாவிட்டால், "கரண்டிய கீழ வச்சுட்டுப் பேசு" என்பார்.

கடைசி நாள் நாற்பதாவது ஆள் காய்ச்சல் என்று கைவிரித்துவிட்டார். மறுநாள் கேமராக்காரருக்கு விமானம். காதின் வீட்டில் உட்கார்ந்து இயக்குநர் கையைப் பிசைவதைப் பார்த்து, அவர் மனைவி தானே பேசுவதாக ஒப்புக்கொண்டாள். "ஆனா ஒரு தடவதான் சொல்வேன். திரும்பச் சொல்லச் சொன்னா எழுந்து போயிடுவேன்."

காது வீட்டை அடக்கினார். ஃபேன் நின்றது, சுவர்க்கடிகாரம் மெத்தைக்கு அடியில் போனது. சொந்த வீடு, கிளம்பிப் போக வேண்டியதில்லை. சாவி சட்டைப்பையிலேயே கிடந்தது. அதனால் ஃப்ரிட்ஜ் நினைப்பே வரவில்லை.

"அர்த்தமெல்லாம் எனக்குத் தெரியாதும்மா" என்று மனைவி ஆரம்பித்தாள். "கவுண்டர்ல தினம் ஏதாவது நடக்கும். வீட்டுக்குப் போய் இவர்கிட்ட சொல்லணும்னு அப்பவே மனசுல எடுத்து வச்சுக்குவேன். வந்து சொல்வேன். 'ம்'பாரு. காதுல வாங்கலைன்னு தெரியும். தெரிஞ்சும் மறுநாள் எடுத்து வச்சுக்குவேன். ஏன்னா..."

சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியது.

அவள் நிறுத்திக்கொண்டாள். புருஷனைத் தெரியாதவளா? இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டாள். காதின் வலது கை பழக்கதோஷத்தில் தோள்வரை எழுந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் பேச்சு அவருக்குள் சத்தமாக இல்லாமல் சேதியாக இறங்கியிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்த கை அப்படியே திரும்பி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டது.

"ஏன்னா?" என்றார், தம் குரலும் பதிவாகிறது என்று தெரிந்தே.