அம்மாவின் தங்க ரேக்கு

யாங்கோனிலிருந்து அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் தமிழ்நாட்டுக்குப் புறப்பட்டபோது அம்மாவின் கைப்பையில் இரண்டு பொருள்கள் பத்திரமாக இருந்தன. ஒன்று பாஸ்போர்ட். மற்றது தீப்பெட்டி அளவில் ஒரு தங்க ரேக்குப் பொட்டலம், சிலைகளுக்கு ஒட்டும் மெல்லிய தங்கத் தாள். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். பொட்டலத்தைக் கேட்டேன், கொடுக்கவில்லை.

அந்தப் பொட்டலத்துக்கு வயது பதினொன்று. அப்பா க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மூட்டை இறக்குபவர். அம்மா துறைக்கு எதிரே தோசை சுட்டு விற்பவர். இருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியவன் நான். முதன்முதலாகத் தவறியவனும் நான்தான். அடுத்த தடவை நான் பாஸானால் குலதெய்வத்துக்குத் தன் கையாலேயே தங்கம் ஒட்டுவதாக அம்மா அன்றைக்கு வேண்டிக்கொண்டு, இந்த ரேக்கையும் வாங்கி வைத்தார்.

தன் கையால் என்பதற்குக் காரணம் இருந்தது. பர்மாவில் புத்தர் சிலைக்குத் தங்க ரேக்கு ஒட்டுவது எல்லாரும் செய்யும் புண்ணியம். இந்துக்கள்தான் என்றாலும் நாங்களும் ஒட்டுவோம். ஆனால் ஃபயா என்று சொல்லும் பெரிய புத்தர் கோயில்கள் பலவற்றில் சிலை வரைக்கும் ஆண்கள்தான் போகலாம். க்யைக்டியோ மலையின் பொற்பாறைக்குப் போனபோது அம்மா தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கமே நின்று ரேக்கை அப்பாவிடம் நீட்டினார். “எம் புண்ணியத்தையும் நீங்களே ஒட்டிட்டு வாங்க” என்று அவர் சொன்னதில் பக்தி கொஞ்சம் குறைவுதான். நம்ம சாமியிடம் இந்தக் கம்பி இருக்காது என்று அம்மா திடமாக நம்பினார். அந்தச் சாமியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சிவகங்கைப் பக்கம் ஒரு ஊர்ப்பெயர், கண்மாய்க்கரை அய்யனார். ரயில்வே வேலைக்குக் கப்பலேறி வந்த அப்பாவின் தாத்தா விட்டுப்போனது அவ்வளவுதான்.

நான் பாஸானேன். பட்டமும் வாங்கினேன். லைங் தாயாவில் ஒரு தையல் ஆலை அலுவலகத்தில் சேர்ந்து, மூன்று பேருக்கு டிக்கெட் எடுக்க இத்தனை வருஷம் ஆனது. நான்கு வாரப் பயணம்: முதலில் பெரிய கோயில்கள், கடைசியில் குலதெய்வம்.

எங்களில் தமிழ் எழுத்து தெரிந்தவன் நான் மட்டும்தான். யாங்கோன் கோயிலில் நடந்த மாலை நேர வகுப்பில் கற்றது. அதனால் பேருந்து, வழி, பலகை எல்லாம் என் பொறுப்பு. தஞ்சாவூரில் துவாரபாலகரின் கால் விரலைத் தடவ அம்மா கை நீட்டினார். “தொடாதீங்கன்னு போட்டிருக்கும்மா.” ஸ்ரீரங்கத்தில் பாய்ந்து நிற்கும் கல்குதிரைகளுக்கு முன்னால் அவராகவே திரும்பிக் கேட்டார். “இங்கயும் எழுதியிருக்குமே?”

“எழுதியிருக்கும்மா.”

“உன்னப் படிக்க வச்சதே தப்புடா. எழுத்தெல்லாம் எனக்கு எதிராவே இருக்கு.”

அப்பா இதைக் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு தூணுக்கும் எத்தனை ஆள் தோள் கொடுத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். “இதுக்கு நாப்பது பேராவது வேணும். அதுவும் நம்ம துறை ஆளுக மாதிரி ஆளுக.” அவர் அளவுக்கு அந்தக் கோயில்களை மதித்துப் பார்த்தவர்களை நான் அங்கே காணவில்லை.

மதுரையில் அர்ச்சனைக்கு நின்றபோது குருக்கள் அம்மாவிடம் நட்சத்திரம் கேட்டார். “செவ்வாக்கிழமை. சிங்கம்,” என்றார் அம்மா சட்டென்று. எங்கள் ஊரில் பிறந்த கிழமையும் அதற்கான மிருகமும் தெரிந்தால் போதும். குருக்கள் என்னைப் பார்த்தார். சாமி பேருக்கே பண்ணிவிடச் சொன்னேன்.

கடைசி வாரம் சிவகங்கைப் பக்கம் போனோம். கண்மாய்க்கரையில் சின்னக் கோயில், வெளியே வரிசையாக மண்குதிரைகள். அப்பா தன் தாத்தாவின் பெயரைச் சொன்னதும் பூசாரி எழுந்தே விட்டார்.

“ரங்கூன் போன வீடா? அவுக திரும்பவே இல்லன்னுல்ல சொல்லுவாக!”

“திரும்பிட்டோம். கொஞ்சம் லேட்டு,” என்றார் அப்பா.

பொங்கல் வைத்து, தேங்காய் உடைத்து முடிந்ததும் அம்மா பொட்டலத்தைப் பிரித்தார். மூன்று ரேக்குகள்.

“குடு தாயி, சாமிக்கு ஒட்டி விடுறேன்,” என்றார் பூசாரி.

“நான் ஒட்டணும்.”

“அது ஆகாது தாயி. பூசாரி வீட்டாளுகளத் தவிர சாமிய ஆரும் தொடுறதில்ல. ஆம்பள, பொம்பள ஆரும்.”

நான் முன்னே வந்தேன். “தொடக் கூடாதுன்னு பலகை எதுவும் இல்லீங்களே.”

“பலகை எதுக்கு தம்பி? நாந்தான் நிக்கிறேனே.”

“யாபாதே, அவரே ஒட்டட்டும்,” என்று அப்பா பர்மிய மொழியில் சமாதானம் சொன்னார்.

“பரவால்லையா? அவர் கையால ஒட்டத்தான் பதினோரு வருஷம் வச்சிருந்தேனா?” அம்மா பொட்டலத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தனை பலகைகளை வாசித்தவனால் இந்த ஓர் இடத்தில் எதையும் மாற்ற முடியவில்லை.

அம்மா குதிரைகளுக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூப்பிட்டார். “பூசாரி அய்யா, இதத் தொடலாமா?”

“குதிரையா? தாராளமா. பயலுக ஏறியே விளையாடுறானுக.”

தோள் உயரக் குதிரை ஒன்றின் முதுகை முந்தானையால் துடைத்தார். முதல் ரேக்கை வைத்து விரலால் மெல்ல அழுத்தினார். பக்கத்தில் இரண்டாவது. மூன்றாவதைக் காற்று பிடுங்கிப்போய் அப்பாவின் மீசையில் ஒட்டியது.

“நெத்தியில வைக்காம முதுகுல வைக்கிறீகளே?” என்றார் பூசாரி.

“ராத்திரி ஊரக் காக்க இதுல ஏறித்தான போவாரு? நான் அவரத் தொடக் கூடாது, சரி. அவரு வந்து தொடலாமுல்ல?”

பூசாரி வாய்விட்டுச் சிரித்தார். “காலையில வந்து பாரு தாயி. தேஞ்சிருந்தா ஏறிட்டாருன்னு அர்த்தம்.”

அவர் விளையாட்டாகச் சொன்னார். அம்மா என் பக்கம் திரும்பினார். “பஸ்ஸ நாளைக்கு மாத்துடா.”

மாற்றினேன். விடிந்ததும் மூவரும் போனோம். ஒரு ரேக்கின் ஓரம் விரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. காற்றாக இருக்கலாம், காக்கை உட்கார்ந்திருக்கலாம். அம்மா அந்த இடத்தைக் காட்டி, “இத வாசிடா,” என்றார்.

“ஏறியிருக்காரும்மா,” என்று வாசித்தேன்.