பூபாலசிங்கம் போர்த்திய கொடிரோசா

பூபாலசிங்கம் டோர்வல் விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் பெட்டி ஏற்றியவர். எதையும் இறுக்கிக் கட்டி வைத்தால்தான் மனுசனுக்கு நித்திரை வரும். பியர்பொன்ட்ஸ் புறநகரில் அவர்கள் வீட்டு வேலியில் மனைவி கஜந்தி படரவிட்ட கொடிரோசா மட்டும் பதினொரு பனிக்காலம் வெறும் உடம்போடு நின்றது. "இது இந்தக் குளிருக்கெண்டே உண்டாக்கின இனம். மூடாதேங்கோ" என்று ஒவ்வொரு கார்த்திகையும் அவள் தடுத்துவிடுவாள்.

போன கார்த்திகையில் தடுக்க அவள் வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டொக்டர் பிரெஞ்சில் சொல்வதை அவளுக்குத் தமிழில் சொல்வது இவர் பொறுப்பு. மருந்து சாகும் நாளைத் தள்ளிப்போடுமே தவிர நோயை மாற்றாது என்றார் டொக்டர். "கோடை வர எழும்பி நடப்பீராம்" என்று மொழிபெயர்த்தார் இவர். நோயாளியிடம் நோயைச் சொல்லக்கூடாது என்பது நம்மவர்களின் எழுதாத சட்டம். அதில் அவர் எள்ளளவும் பிசகவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவருக்குப் பனியில் நின்ற கொடியைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அடியில் வைக்கோலை அடைத்து, பழைய போர்வைகளைச் சுற்றி, கயிற்றால் வரிந்து கட்டினார். சித்திரையில் அவிழ்த்தால், உள்ளே எலிகள் குடித்தனம் நடத்தியிருந்தன. அப்படி ஒரு கதகதப்பான வீடு கிடைத்தால் அவை விடுமா? தண்டுகளின் பட்டையை அடியில் சுற்றிவரக் கொறித்துத் தின்றிருந்தன. வைகாசி முடிந்தும் ஒரு துளிர் இல்லை. குளிர் கொல்லாததைத் தான் கொன்றுவிட்டோமே என்று புல்லில் குந்தியிருந்து அழுதார்.

பராமரிப்பு நிலையத்துக்கு மாற்றப்பட்டிருந்த கஜந்தி நாள்தோறும் கேட்பாள்.

"துளிர்த்திட்டுதோ?"

"ஓம், வேலி முழுக்க."

"மொட்டு?"

"ஓம், ஓம்."

ஆனியில் ஒருநாள், "எனக்கு ஒரு பூக் கொண்டுவாங்கோ" என்றாள்.

பக்கத்து நகரமான லவால் வரை போய், பூக்கடை கடையாக ஏறி இறங்கி, அதே நிறத்தில், கடைக்காரர் முள் சீவி வைத்திருந்த ஒன்றை வாங்கிப்போனார். கஜந்தி அதை முகர்ந்து பார்க்கவில்லை. மெலிந்த விரல்களால் காம்பைத் தடவினாள்.

"முள்ளு எங்கை?"

"உமக்குக் குத்துமெண்டு நான்தான் சீவினனான்."

அவள் கோபிக்கவில்லை. பூவை மடியில் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"செத்துப்போச்சு, என்ன?"

அவர் தலையாட்டினார்.

"அப்ப டொக்டர் சொன்னதையும் ஒருக்கா ஒழுங்காச் சொல்லுங்கோ."

பூபாலசிங்கம் கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப்போட்டு, சொல்லத் தொடங்கினார்.