கதவுக்கு வெளியே நின்ற டீச்சர்

டீச்சரை நினைத்தால் முதலில் அவருடைய கைகள்தான் கண்முன் வருகின்றன. நடனம் சொல்லிக்கொடுத்தவரின் கால்கள் அல்லவா நினைவில் நிற்க வேண்டும்? ஆனால் அவர் வகுப்பில் ஆடிக் காட்டியது மிகக் குறைவு. இடது உள்ளங்கையைத் தரைபோல் விரித்து, அதன்மேல் வலது கையின் இரண்டு விரல்களை நிறுத்துவார். விரல்கள் மடங்கும், எழும்பும், காற்றில் ஒன்றோடொன்று ஒட்டும், சத்தமில்லாமல் இறங்கும். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த விரல்களையே பார்ப்பார்கள். நீங்களே குதித்துக் காட்டலாமே என்று ஒருநாள் கேட்டேன். "நான் குதிச்சா என்னையப் பாப்பாங்கக்கா. கையைக் காட்டினா அவங்க காலை யோசிப்பாங்க," என்றார்.

அவர் பாலே ஆசிரியை. சிங்கப்பூரில், தேக்காவில் ஒரு துணிக்கடைக்கு மேலே, கடைவீட்டு மாடியில் வகுப்பு. பரதம் என்று நினைத்து ஏறி வருபவர்கள் உண்டு. "சலங்கை எல்லாம் எங்கே வச்சிருக்கீங்க?" என்று ஓர் அம்மா அறை முழுக்கத் தேடிவிட்டு இறங்கிப் போனார். நான் அங்கே பியானோ வாசித்தேன். உயர்நிலை நான்கோடு என் படிப்பு நின்றது. ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்தேன், அதை மூடிவிட்டார்கள். பியானோ மட்டும் சிறுவயதில் மாதா கோயிலில் ஒரு சிஸ்டர் கற்றுக்கொடுத்தது. ஞாயிறு பூசையில் மாடத்தில் எல்லாருக்கும் பின்னால் உட்கார்ந்து வாசிப்பேன். யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள் என்பதால்தான் அத்தனை வருடம் வாசிக்க முடிந்தது. டீச்சரின் வகுப்பிலும் பியானோ சுவரைப் பார்த்து இருந்தது. அதைப் பார்த்த பிறகே வேலைக்குச் சரி என்றேன்.

டீச்சர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். செங்காங்கில் வளர்ந்தவர். அவர் சொல்லிக்கொடுத்த விதத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் பார்த்ததில்லை. முழங்காலை மடக்கி இறங்கும்போது முதுகு சாயக்கூடாது என்பதற்கு, "லிஃப்ட் மாதிரி இறங்கு, எஸ்கலேட்டர் மாதிரி இறங்காதே," என்பார். எந்தப் பிள்ளைக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒற்றைக் காலில் நிற்பதற்கு, எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுப்பார். ஒரு வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு திருத்தம்தான். வீட்டுக்குப் போகுமுன் அந்தப் பிள்ளை அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் கண்ணாடிக்குத் திரை போட்டுவிடுவார். கண்ணாடி இல்லாத அன்று பிள்ளைகள் முதலில் தடுமாறுவார்கள். பிறகு முகங்களில் ஒரு கவனம் வரும், தண்ணீர் நிறைந்த டம்ளரைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களின் கவனம். நான் தலையைத் திருப்பித் திருப்பி அதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வகுப்புக்குப் பாசிர் ரிஸ்ஸிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். தொடக்கநிலை ஐந்து, பதினொரு வயது. திருத்தத்தைத் திருப்பிச் சொல்வதைத் தவிர வேறெதுவும் பேச மாட்டாள், கேட்டால் தலையை ஆட்டுவாள். என்னைப் போல ஒருத்தி என்று நினைத்துக்கொள்வேன். நான் வேலைக்குச் சேருவதற்கு முந்தைய வருடப் பாலே தேர்வில் அவள் தேறவில்லை. அவள் அப்பா கம்பெனி பஸ் ஓட்டுபவர், நல்ல மனிதர்தான். ஆனால் டீச்சரிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவையும் பாஸ் இல்லன்னா நிறுத்திடலாம் டீச்சர். அடுத்த வருஷம் பெரிய பரிச்சை வருது. சனிக்கிழமை டியூஷன் போட்டுடறேன்." அந்தப் பெண் அப்போது காலணி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

அவளுக்குச் சிக்கல் குதிப்பில். சின்னச் சின்னதாகப் பதினாறு குதிப்புகள், நிற்காமல் செய்ய வேண்டும். மூன்றாவது நான்காவதிலேயே பின்தங்குவாள், பிறகு சேரவே மாட்டாள், நின்றுவிடுவாள். என் காதில் அவள் மூச்சு வாங்குவது விழும். என் விரல்கள் தாமாக மெதுவாகும். கோயிலில் பழகிய பழக்கம் அது. வயதானவர்கள் பாட்டை இழுத்தால் நானும் கூடவே இழுப்பேன், அவர்களை விட்டுவிட்டு முன்னால் போவது பாவம் என்று தோன்றும். இந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் ஒரு மயிரிழை மெதுவாக்கினேன். அடுத்த வாரம் இன்னொரு மயிரிழை. மாதக்கணக்கில் இது நடந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்வதாக எனக்குள் சந்தோஷம் வேறு.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. அவள் தேறிவரவில்லை என்பதோடு, வரிசை முழுவதின் குதிப்புமே கனத்துப்போயிருந்தது. காரணம் தேடி டீச்சர் காலணிகளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அன்று என் பியானோவோடு சேர்ந்து கைதட்டத் தொடங்கினார். தட்டிக்கொண்டே இருந்தார். பாதியில் அவர் கைதட்டல் முன்னால் போயிருந்தது, என் பியானோ பின்தங்கியிருந்தது. டீச்சர் தட்டுவதை நிறுத்தினார்.

"அக்கா, யாருக்காக இழுக்கிறீங்க?"

"இல்ல டீச்சர்... பாவம், அதுக்கு மூச்சு வாங்குது."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "எந்திரிங்க. செருப்பைக் கழட்டிட்டு நடுவுல வாங்க," என்றார்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "ஆன்ட்டி ஜம்ப் பண்ணப் போறாங்களா? சீரியஸா, மிஸ்?" "ஆன்ட்டி, துப்பட்டாவைக் கட்டிக்குங்க லா, தடுக்கும்!" எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வாழ்க்கையில் யார் முன்னாலும் நான் நடுவில் நின்றதில்லை. டீச்சர் என் முதுகில் ஒரே ஒரு விரலை வைத்தார். தானாக நிமிர்ந்தேன்.

சரியான வேகத்தில் கைதட்டினார். எட்டுக் குதிப்பு. விழுந்துவிடுவேன் என்று பயந்தேன். ஆனால் இறங்கும் ஒவ்வொரு முறையும் கால் தானாகவே மறுபடி எழும்பியது. பிறகு நான் வாசித்த அந்த மெதுவான வேகத்தில் தட்டினார். மூன்றாவதிலேயே தொடை இறுகியது. ஐந்தாவதில் குதிகால் தரையில் இடித்தது. ஆறாவதில், கீழே துணிக்கடைக்காரர் கழியால் தன் கூரையைத் தட்டினார். பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். பாசிர் ரிஸ் பெண்ணும் சிரித்தாள், நான் அவள் பல்லைப் பார்த்தது அன்றுதான்.

"எது ஈசி?" என்று கேட்டார் டீச்சர்.

"முதல்ல செஞ்சது."

"வேகமாப் போனா உடம்பு பந்து மாதிரி தானா எழும்பும். மெதுவாப் போனா ஒவ்வொரு தடவையும் கால்தான் தூக்கணும். நீங்க அவளுக்கு ஒத்தாசை பண்ணலக்கா. அவ தலையில மூட்டையை ஏத்தியிருக்கீங்க."

என் இரக்கத்தை என் தொடையிலேயே உணர வைத்துவிட்டார். ஆயிரம் முறை வாயால் சொல்லியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். வரிசையைப் பார்த்து, "ஆன்ட்டி இனிமே யாருக்காகவும் நிக்க மாட்டாங்க," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மூன்று வாரமும் அவர் செய்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குத் தவறாமல் குதிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. தவறவிட்டபின் சேர்ந்துகொள்ளக் கற்றுக்கொடுத்தார். எல்லாப் பிள்ளைகளும் குதித்துக்கொண்டிருக்கும்போது நடுவே போய் ஒருத்தியின் தோளைத் தொடுவார். அவள் நின்றுவிட வேண்டும், இரண்டு எண்ணிக்கை கழித்து மறுபடி சேர வேண்டும். "பஸ் உனக்காக நிக்காது. ஓடாதே, அழாதே. அடுத்த ஸ்டாப்புல ஏறிக்கோ." நன்றாகக் குதிக்கும் பிள்ளைகளையும் விடமாட்டார். அதனால் நின்றுவிடுவது யாருக்கும் வெட்கமாக இல்லாமல் போனது. பாசிர் ரிஸ் பெண் முதல் வாரம் ஒன்பதாவது குதிப்பில்தான் ஏறினாள். இரண்டாம் வாரம் ஏழாவதில்.

தேர்வு நகரத்தில் வேறொரு கட்டடத்தில் நடந்தது. பாலே தேர்வில் ஆசிரியர் உள்ளே வரக்கூடாது என்பது எனக்கு அன்று காலையில்தான் தெரியும். தேர்வாளரும் நான்கு பிள்ளைகளும் பியானோ வாசிப்பவரும் மட்டும்தான் உள்ளே. வருடம் முழுக்கக் கூட இருந்தவர் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். எனக்குக் கை சில்லிட்டது. டீச்சர் என் உள்ளங்கைகளைத் தம் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

அங்கிருந்த பியானோ கறுப்பாக, பளபளப்பாக இருந்தது. அதன் மேற்பலகையில் நான்கு பிள்ளைகளும் நிழலாகத் தெரிந்தார்கள். குதிப்பு வந்தது. ஒன்று, இரண்டு. மூன்றாவதில் ஒரு நிழல் மட்டும் எழவில்லை. என் விரல்கள் அவளுக்காக நிற்கத் துடித்தன. அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. உதட்டைக் கடித்துக்கொண்டு முன்னால் போனேன். ஒரு சின்னப் பிள்ளையை வழியில் விட்டுவிட்டுப் போவது போலிருந்தது. நான்கு. ஐந்து. ஐந்தில் நான்கு நிழல்களும் ஒன்றாக எழுந்தன. பதினாறு வரை அப்படியே எழுந்து அப்படியே இறங்கின.

வெளியே வந்தபோது டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். கண்ணைத் திறக்காமலே அந்தப் பெண்ணிடம், "மூணும் நாலும் போச்சு. அஞ்சுல ஏறிட்ட," என்றார்.

"மிஸ், சாவி ஓட்டை வழியாப் பாத்தீங்களா?" என்றாள் இன்னொரு பெண்.

"பாக்கல, கேட்டேன். நாலு ஜோடிக் கால் இறங்குற சத்தம் வேற, மூணு ஜோடி இறங்குற சத்தம் வேற."

பாசிர் ரிஸ் பெண் முதன்முதலாக வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டாள். "நான்தான்னு எப்படித் தெரியும் மிஸ்?"

"உன் காலை எத்தனை மாசமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

முடிவு வரப் பல வாரங்கள் ஆயின. தேர்ச்சி. சிறப்புத் தேர்ச்சியெல்லாம் இல்லை, வெறும் தேர்ச்சி. அந்தச் சனிக்கிழமை அவள் அப்பா மாடிப்படியில் தயங்கி நின்று, "டீச்சர், அடுத்த கிரேடுக்கு ஷூ மாத்தணுமா?" என்று கேட்டார்.

"கட்டாயம் மாத்தணும் சார். அவ கால் எப்பவோ வளந்துடுச்சு, நீங்கதான் பாக்கல," என்றார் டீச்சர். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

டீச்சர் கணவரோடு வெளிநாடு போய்விட்டார். இப்போது நான் செங்காங்கில் இன்னொருவர் வகுப்பில் வாசிக்கிறேன். போன வாரம் சீக்கிரம் போய்விட்டேன். உள்ளே பிள்ளைகள் பியானோ இல்லாமல், எண்ணிக்கைக்குக் குதித்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறக்காமல் வெளியே நின்று கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் மழை போல ஒரே இரைச்சல். வெகுநேரம் கழித்து அதற்குள் ஒரு சத்தம் குறைவதும் மறுபடி சேர்வதும் கேட்டது. யாருடைய கால் என்று மட்டும் தெரியவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடமாக வாசிக்கிறேன்.

கதவு திறந்தது. "ஆன்ட்டி, ஏன் வெளிய நிக்கிறீங்க? உள்ள வாங்க லா," என்றாள் ஒரு சிறுமி. குதிப்பில் நின்றுபோனது அவளாக இருக்குமோ என்று அவள் கால்களைப் பார்த்தேன். பார்த்துத் தெரிகிற விஷயமில்லை அது. போய் உட்கார்ந்தேன்.