பை பார்க்கும் பொறுப்பு

கட்டணம் வாங்கும் இடத்தில் அறிவிக்கப்படாத நிபந்தனை, கட்டணம் செலுத்தியவரைக் கட்டுப்படுத்தாது. துணை வட்டாட்சியராக ஓய்வு பெறும்வரை எத்தனையோ பேர் இந்த நியாயத்தை என் மேசைமுன் நின்று பேசியிருக்கிறார்கள். பெரும்பாலும் நான் எதிர்ப்பக்கம் இருந்தேன். போன ஏப்ரலில், குற்றாலம் போகிற வழியில் இருக்கும் ஒரு தண்ணீர்ப் பூங்காவில், முதல்முறையாக அது எனக்குத் தேவைப்பட்டது.

தென்காசியில் குடியிருப்பவர்களுக்குச் சுற்றுலா கிடையாது, விருந்தாளிகள்தான் உண்டு. ஆனியில் சாரல் தொடங்கியதும் உறவுகள் வந்து இறங்கும். அவர்களை அருவிக்கு அழைத்துப் போவது என் வேலை. மனைவியும் புளியோதரை கட்டிக்கொண்டு கூடவே வருவாள். ஆனால் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டால், கழற்றிவைத்த கடிகாரத்துக்கும் கண்ணாடிக்கும் மாற்றுத்துணிக்கும் ஒருவர் காவல் இருக்க வேண்டுமே. கல்யாணமான வருடம் என் அம்மா அவள் மடியில் பையை வைத்தார். அதன் பிறகு அந்தப் பணியிடத்துக்கு மாறுதல் ஆணை யாரும் போடவில்லை.

சென்னையிலிருந்து மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். பேத்தியின் பள்ளிக்கு விடுமுறை கிடைக்கும் அதே மாதத்தில்தான் அருவியும் விடுமுறையில் இருக்கும். பிரதான அருவியில் பாறைமேல் ஓர் ஈரக்கோடு தெரிந்தது. மருமகன் அதைப் பல கோணங்களில் படம் எடுத்தார். ஐந்தருவியில் அந்தக் கோடும் இல்லை. அங்கே ஒரு குரங்கு, மனைவி காவலில் இருந்த பைக்குள் கைவிட்டு வாழைப்பழச் சீப்பை எடுத்துக்கொண்டு மரமேறியது. அன்று குற்றாலத்துக்கு வந்து முழுத் திருப்தியோடு திரும்பியது அது ஒன்றுதான். பையை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். பொதுவாகத்தான் கேட்டேன்.

காரில் ஏறியதும் அவள் சொன்னாள்: "அடுத்த எடத்துல பைய நீங்க பாத்துக்கிடுங்க. நான் குளிக்கப் போறேன்."

பூங்காவில் அருவி இருந்தது. சிமென்ட் பாறை, அதன்மேல் பாசிக்குப் பதிலாகப் பச்சை வண்ணம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றி, பாட்டுச் சத்தத்தோடு கீழே விட்டது. பின்னால் நிஜ மலை காய்ந்துபோய் நின்றது. மனைவி சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னே போனபோது, விசில் வைத்திருந்த ஊழியர் குறுக்கே வந்தார்.

"சேலையோட எறங்கக் கூடாது அண்ணாச்சி. நைலான் துணிதான் போடணும்."

சேலை கட்டியிருந்தது நான் அல்ல. ஆனாலும் பதிலை என்னிடம்தான் எதிர்பார்த்தார். இது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். தண்ணீர்க்கரையில் இருந்த பலகையைக் காட்டினார்.

"சீட்டு வாங்கி உள்ள வந்த பெறகுதான், உள்ள எறங்க முடியாதுன்னு தெரியணுமா?"

"சேல கால்ல சுத்தி விழுந்தா எங்களத்தான கேப்பீங்க."

நியாயமான காரணம்தான். ஆனால் காரணம் வேறு, அறிவிப்பு வேறு. மேலாளரைக் கேட்டேன், சாப்பிடப் போயிருந்தார். புகார்ப் புத்தகம் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே ஊழியருக்குச் செய்தியாக இருந்தது. கடைசியில் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, நிழலில் உட்கார்ந்து, மனைவியிடமிருந்த பையை வாங்கி மடியில் வைத்து, அதன்மேல் தாளை விரித்து எழுத ஆரம்பித்தேன். அந்த இடத்தில் ஒரு பொறுப்பு ஒப்படைப்பு நடந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை.

இரண்டாவது பத்தியில், பாதிக்கப்பட்டவரிடம் ஒரு விவரம் கேட்க நிமிர்ந்தேன். பாதிக்கப்பட்டவரைக் காணோம். அருவியின் கீழே ஆரஞ்சு நிற டீ-ஷர்ட்டும் முழங்கால்வரை கருப்புக் கால்சட்டையும் போட்ட ஓர் அம்மாள் நின்றிருந்தார். நெஞ்சில் டால்பின் படம். உச்சந்தலைக்குமேல் இரண்டு கைகளையும் குவித்து, கண்ணை மூடி, நிஜ அருவியில் நிற்பதுபோல நின்றார். யாரென்று எனக்குத் தெரியச் சற்று நேரம் ஆயிற்று. பேத்தி கையைப் பிடித்து இழுத்தாள், அசையவில்லை. நேரம் முடிந்தது என்று விசில் ஊதினார்கள், அதற்கும் அசையவில்லை.

நான் எழுந்தேன். மகள் என்னைப் பார்த்து, "யப்பா, அம்மாவ விடுங்க. நீங்க எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். ஒரு படியைத் தபாலிலும் அனுப்பி, மாதம் ஒரு நினைவூட்டு போட்டேன். வாடகைக்கு எடுத்த உடையைத் திருப்பிக் கொடுக்க மறுத்து விலைக்கே வாங்கிவந்த மனைவி, அதை எங்கள் கொடியில் காயப்போட்டாள். உனக்காகத்தானே இவ்வளவும் என்று ஒருநாள் சொன்னேன்.

"எனக்கு எதுக்கு? நான்தான் குளிச்சிட்டேனே. வேணும்னா நீங்க ஒரு சேலயக் கெட்டிட்டுப் போயி எறங்குங்க."

சாரல் விழுந்தது. விருந்தாளிகள் வருவதற்கு முன்பே ஒரு காலையில் அவள் ஆட்டோ பிடித்தாள். வாசலில் தபால்காரர் ஓர் உறையைக் கொடுத்தார். பைக்குள் போட்டுக்கொண்டு நானும் ஏறினேன். பிரதான அருவியில் சேலையோடு குளிக்க எந்தத் தடையும் இல்லை. அவள் டால்பின் சட்டையில்தான் போனாள். கண்ணாடியையும் சங்கிலியையும் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"பைய இறுக்கிப் பிடிச்சுக்கிடுங்க. கொரங்கு வரும்."

பெண்கள் பக்கத்துக் கூட்டத்தில் அவள் மறைந்ததும் உறையைப் பிரித்தேன். என் புகார் முழுமையாக ஏற்கப்பட்டிருந்தது: சேலைக்கு அனுமதியில்லை என்ற பலகையைச் சீட்டு கொடுக்கும் இடத்துக்கே மாற்றிவிட்டார்களாம். கடிதத்தில் தேதி போடவில்லை. தேதியில்லாத தாளை நான் கோப்பில் சேர்ப்பதில்லை. பையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, சாரலில் நனையாமல் தாளைக் குனிந்து மறைத்து, ஓரத்தில் நானே குறித்தேன்: பெறப்பட்ட நாள், ஜூன் 16.